கண்ணாடி பளபளக்கிறது, ஓட்டோ மீன்களின் வயிறு ஒட்டிப்போகிறது: பாசி தின்னும் மீன்களுக்கு உணவூட்டுவது குறித்து உதவி தேவை

மாடித்தொட்டி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றடி நீளமுள்ள, ஏறத்தாழ 100 லிட்டர் கொள்ளும் நன்னீர்த் தொட்டி ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் மோலிகளும் பிளாட்டிகளுமாகப் பத்துப் பன்னிரண்டு மீன்களும், விரல் நீளம் வளர்ந்த, பாசி தின்னும் கெளுத்தி வகையான ஒரு பிரிஸில்நோஸ் மீனும், பழுப்புப் பாசியை நீக்குவதற்கென்று கொளத்தூரில் வாங்கிய ஆறு ஓட்டோசின்க்ளஸ் மீன்களும் இருந்தன. ஓட்டோக்கள் வந்த சில நாட்களிலேயே பாசியைச் சுத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டன. அதன் பிறகு ஒவ்வோர் இரவும் விளக்கை அணைத்ததும் பாசி வேஃபர் (நீரில் மூழ்கும் பாசி உணவு வில்லை) ஒன்றைப் போட்டு வருகிறேன். காலையில் ஒரு துணுக்குக்கூட மிஞ்சியிருப்பதில்லை. ஆயினும் இரண்டு ஓட்டோக்கள் அடுத்தடுத்து இறந்துவிட்டன. எஞ்சிய நான்கும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கவனித்தால், வயிறு உட்குழிந்து முதுகோடு ஒட்டியதுபோல் தெரிகிறது.

சோதனைத் திரவங்களைக் கொண்டு பார்த்ததில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 10 பிபிஎம் அளவில் இருக்கிறது. தண்ணீரின் வெப்பநிலை 29 டிகிரி. போடும் உணவு தீர்ந்துபோகும்போது மீன் மட்டும் ஏன் மெலிகிறது என்பது எனக்குப் புரியவில்லை. வேஃபரை இரண்டாக்கினால் போதுமா, அல்லது இது ஏதேனும் நோயா?

செவுள்:

தண்ணீரின் அளவுகளில் குறை தெரியவில்லை. மருந்தைத் தேடுவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். வேஃபரைத் தின்பது யார் என்று நேரில் பார்த்தீர்களா? ஓட்டோக்களின் எச்சம் என்ன நிறத்தில் இருக்கிறது? கண்ணாடியை நீங்களும் துடைக்கிறீர்களா? விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, கைபேசி வெளிச்சத்தைத் தொட்டியின் மீது நேராகப் பாய்ச்சாமல் சுவரில் பட்டுத் திரும்பும்படி வைத்துப் பார்த்தால் மீன்கள் மிரளாது.

மாடித்தொட்டி:

நன்றி ஐயா. நேற்றிரவு பார்த்தேன். வேஃபர் தரையைத் தொட்டு மென்மையாகத் தொடங்கியதும் பிரிஸில்நோஸ் வந்து அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டது. ஓர் ஓட்டோ அருகே வந்தபோது வாலை ஒருமுறை பக்கவாட்டில் வீசியதோடு சரி, அது மீண்டும் வரவேயில்லை. சிதறிய தூளை மோலிகள் பொறுக்கிக்கொண்டன. பிரிஸில்நோஸின் பழுப்பு எச்சம் நூல்நூலாகத் தரையெங்கும் கிடக்கிறது, ஓட்டோக்களுடையது எங்கும் கண்ணில் படவில்லை. ஞாயிறுதோறும் நான்கு பக்கக் கண்ணாடிகளையும் காந்தத் துடைப்பானால் துடைக்கிறேன்.

நன்னீர் நேசன்:

அப்படியானால் விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. உங்கள் ஓட்டோக்கள் பட்டினி கிடக்கின்றன. வேஃபரை இரண்டாக்கினால் பிரிஸில்நோஸ் கொழுக்குமே தவிர ஓட்டோக்களின் வயிறு நிறையாது.

ஓட்டோ என்பது தென்னமெரிக்க ஆறுகளில் இலைகளின் மீதும் மரத்துண்டுகளின் மீதும் படியும் மெல்லிய வழவழப்பை நாள் முழுவதும் சுரண்டித் தின்னும் மீன். அந்த வழவழப்பில் பாசியும் இருக்கிறது, பாக்டீரியாவும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. ஒரே வேளையில் வயிறார உண்டு மறுநாள் வரை தாங்கும் உடல்வாகு அதற்குக் கிடையாது. கடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஆற்றில் பிடிக்கப்பட்டவை; பிடித்த இடத்திலிருந்து உங்கள் தொட்டிக்கு வந்து சேரும் வரை அவை சரியாக உண்டிருக்க வாய்ப்பில்லை. மெலிந்து வந்த மீனைப் பளபளக்கும் தொட்டியில் விட்டு, இருந்த பழுப்புப் பாசியும் தீர்ந்த பிறகு, வாரந்தோறும் கண்ணாடியையும் துடைத்தால் அதற்கு மேய இடம் ஏது? போதாக்குறைக்கு மோலியும் பிளாட்டியும் பகல் முழுவதும் பாசியைக் கொறிப்பவை. பாசி தின்னும் மீன் என்று நாம் பெயர் சூட்டாததால் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

முதல் வேலையாக முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். பின்பக்கத்தையும் இரு பக்கங்களையும் அப்படியே விட்டுவிடுங்கள். நடுவே ஒரு மூழ்கிய மரக்கட்டையை வையுங்கள். புதுக்கட்டையின் மேல் முதல் சில வாரங்களில் வெள்ளையாகப் படியும் வழவழப்பைப் பார்த்து அஞ்சித் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், அது ஓட்டோவுக்கு நல்ல தீனி. பிரிஸில்நோஸும் கட்டையைச் சுரண்டும்.

அடுத்தது நேரம். பிரிஸில்நோஸ் இரவில் இயங்கும் மீன், பகலில் பெரும்பாலும் ஒதுங்கிக் கிடக்கும். ஓட்டோ பகலிலும் மேயும். ஆகவே வேஃபரை இரவில் தொட்டியின் ஒரு கோடியில் பிரிஸில்நோஸுக்குக் கொடுத்துவிட்டு, ஓட்டோக்களின் உணவைக் காலையில் மறுகோடியில் வையுங்கள். அதற்குச் சற்று முன்பு மோலிகளுக்கு வழக்கமான தூள் உணவை எதிர்ப்பக்கத்தில் தூவினால் அவை கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும்.

ஓட்டோக்கள் வேஃபரைக் கண்டுகொள்ளாமல் போவது வழக்கம். தட்டையான பரப்பில் பூசியதுபோல் உணவு இருந்தால்தான் அவற்றின் வாய்க்கு வசதி. நான் செய்வது இது: 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் கடற்பாசித் தூளை, அதாவது இனிப்புக்குப் பயன்படுத்தும் அகர் அகரை, கொதிக்கவைத்துக் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு சற்றுத் தணிந்ததும் இரண்டு தேக்கரண்டி ஸ்பைருலினா என்ற நுண்பாசித் தூளையும், வெந்நீரில் போட்டெடுத்து விழுதாக அரைத்த பசலைக்கீரையையும் கலக்கிறேன். உப்பு, சர்க்கரை எதுவும் சேர்க்கக்கூடாது. அகர் 40 டிகிரிக்குக் கீழே வரும்போது உறையத் தொடங்கிவிடும் என்பதால், கலவை கைபொறுக்கும் சூட்டுக்கு வருவதற்குள் வழவழப்பான கூழாங்கற்களின் மேல் மெல்லிய படலமாகத் தடவிவிட வேண்டும். உறைந்த கற்களை மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து, நாளுக்கு ஒரு கல்லாகத் தொட்டியில் இறக்கலாம். தடவிய படலத்தில் ஊசிமுனையால் கீறியதுபோல் சிறுசிறு கோடுகள் விழுந்திருந்தால் ஓட்டோ தின்றிருக்கிறது என்று பொருள்.

வெள்ளரிக்காயும் பீர்க்கங்காயும்கூடக் கொடுக்கலாம். நன்றாகக் கழுவி, தோலைச் சீவி, வட்டமாக நறுக்கி, ஓரிரு நிமிடங்கள் கொதிநீரில் போட்டெடுத்து, ஆறிய பிறகு எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி இறக்கினால் மிதக்காது. நம் ஊர் வெப்பத்தில் அதைப் பாதி நாளுக்கு மேல் விட்டுவைக்காதீர்கள்.

கொளத்தூர்க்காரர்:

மேலே நண்பர் சொன்னதில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். காய்கறியில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. வெள்ளரி பெரும்பாலும் தண்ணீர்தான். மெலிந்த மீனைத் தேற்றும் சத்து அதில் இல்லை, தொட்டியைக் கலக்கிவிடும் அபாயம்தான் அதிகம். பிரிஸில்நோஸுக்கு அது நொறுக்குத்தீனியாக இருக்கட்டும், ஓட்டோக்களைக் காப்பாற்ற அதை நம்ப வேண்டாம்.

அதைவிட மாடியில் பாசி வளர்ப்பது மேல். அகலமான கண்ணாடி ஜாடியில் கூழாங்கற்களைப் பரப்பி, தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது எடுக்கும் பழைய நீரை ஊற்றி வெயிலில் வைத்தால், ஒன்றிரண்டு வாரங்களில் கற்களின் மேல் மென்பச்சைப் படலம் படிந்துவிடும். ஒன்றை இறக்கி, மேய்ந்து தீர்ந்த கல்லை மீண்டும் ஜாடிக்கு அனுப்பலாம். ஜாடியின் வாயைக் கொசுவலைத் துணியால் இறுகக் கட்டியே தீரவேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே போதும், முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ பத்து நாட்கள் ஆகலாம். கற்கள் மென்மையான பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் மட்டும் தொட்டிக்குள் விடுங்கள். கரிய மயிர்க்கற்றைபோல் வளரும் கருந்தாடிப் பாசியை ஓட்டோ தொடாது. கருநீலப் பச்சையில் வழவழவென்று நாற்றத்தோடு படிவது சயனோபாக்டீரியா, அந்தக் கல்லைக் கழுவி ஒதுக்கிவிடுங்கள்.

வெப்பநிலையையும் கவனியுங்கள். ஓட்டோவுக்கு 22 முதல் 26 டிகிரி வரை உகந்தது. 29 டிகிரியில் உடலியக்கம் வேகமாகி உணவின் தேவை கூடும், நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ குறையும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியைத் திருப்பிவிட்டால் ஓரிரு டிகிரி இறங்கும். ஏர் பம்ப்பை இரவிலும் ஓடவிடுங்கள்.

மாடித்தொட்டி:

இருவருக்கும் நன்றி. கட்டை வைத்து, பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டு, காலையில் அகர் பூசிய கல்லை இறக்கி வருகிறேன். முதலில் எந்த ஓட்டோவும் சீண்டவில்லை. பிறகு ஒன்று வந்து அமர்ந்தது, அதைப் பார்த்து மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன. அந்த மூன்றின் வயிறும் இப்போது கீழிருந்து பார்த்தால் சமதளமாகிவிட்டது. சிறு பச்சை எச்சமும் தெரிகிறது. நான்காவது மட்டும் மற்றவற்றோடு சேர்ந்து கல்லில் மேய்ந்தும் குழிந்த வயிறாகவே இருக்கிறது. அதன் எச்சம் வெண்ணிற நூல்போல் தொங்குகிறது. இதற்கும் பட்டினிதான் காரணமா? இறந்த இரண்டுக்குப் பதிலாகப் புதியவற்றை இப்போதே சேர்க்கலாமா?

செவுள்:

தின்றும் தேறாமல் வெள்ளை எச்சம் போடும் மீனுக்குக் குடற்புழு இருக்கக்கூடும். ஆற்றில் பிடித்த மீன்களில் இது அரிதன்று. நீண்ட பட்டினிக்குப் பின் குடல் மீளாத நிலையிலும் இதே அறிகுறி தெரியலாம் என்பதால் உடனே மருந்தை ஊற்றாதீர்கள். அதைத் தனித் தொட்டிக்கு மாற்றி, பாசி படிந்த கல்லையும் முதிர்ந்த (ஏற்கெனவே ஓடி, நன்மை செய்யும் பாக்டீரியா படிந்த) ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் கொடுத்து, போட்டியில்லாமல் உண்ண விட்டுப் பாருங்கள். அங்கும் மாற்றமில்லை என்றால் மீன் நோய்களை அறிந்த கால்நடை மருத்துவரிடமோ மீன்வள அலுவலரிடமோ கேட்டு, எடைக்கும் நீரளவுக்கும் ஏற்ற புழுநீக்க மருந்தைத் தனித் தொட்டியிலேயே கொடுக்கலாம். செம்பு கலந்த மருந்து எதையும் இந்த இன மீன்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

புதிய மீன்களை இப்போது சேர்க்காதீர்கள். மூன்றின் வயிறும் வெளியே உருண்டு தெரியும் வரை, பின்பக்கக் கண்ணாடியில் மேய்ந்த இடம் மீண்டும் படரும் வரை பொறுங்கள்; படரவில்லை என்றால் இருக்கும் வாய்களுக்கே விளைச்சல் போதவில்லை என்று பொருள். வாங்கும்போது கடைத் தொட்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீனின் அடிவயிற்றைப் பாருங்கள், குழிந்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அன்று காலை வந்திறங்கிய மீனை வாங்காமல், ஒரு வாரமாவது அங்கே தங்கி உண்டதை எடுத்துத் தரச்சொல்லுங்கள்.