இலையுதிர்காலத்தில் வாசிக்க மாயச் சூழல் நிறைந்த நாவல்கள்: பரிந்துரை வேண்டும்

கூதிர்:
வணக்கம். அக்டோபர் தொடங்கி நவம்பர் முடிய வாசிப்பதற்கு இரண்டு மூன்று நாவல்களைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறேன். கதை விரைந்து ஓட வேண்டும் என்பதில்லை. பனிமூட்டமும் குறுகிவரும் பகற்பொழுதும் உதிரும் இலைகளும் வெறும் திரைச்சீலையாகத் தொங்காமல், கதைமாந்தரின் மனத்தையும் அங்கு நிகழும் மாயத்தையும் இயக்குபவையாக இருக்க வேண்டும். மெல்லிய அச்சம் இருக்கலாம், குருதி வேண்டாம். முடிவைச் சொல்லிவிடாமல் பரிந்துரைத்தால் மகிழ்வேன்.

ஓலைச்சுவடி:
நீங்கள் கேட்பதற்கு மிக நெருக்கமானது ரே பிராட்பரியின் 'சம்திங் விக்கெட் திஸ் வே கம்ஸ்' (1962). அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிரீன் டவுன் என்னும் கற்பனைச் சிற்றூருக்கு அக்டோபர் பிற்பகுதியில் இடிதாங்கி விற்பவர் ஒருவர் வந்து புயலை முன்னறிவிக்கிறார்; அதைத் தொடர்ந்து, ஊர் உறங்கும் நேரத்தில், ஒரு கேளிக்கைச் சந்தை ரயிலில் வந்திறங்குகிறது. அங்குள்ள குடைராட்டினம் முன்னோக்கிச் சுற்றினால் ஏறியவரின் வயது கூடும், பின்னோக்கிச் சுற்றினால் குறையும். பதினான்கு வயதை எட்டவிருக்கும் இரு நண்பர்களில் ஒருவனுக்கு விரைவில் பெரியவனாகிவிடும் வெறி. மற்றவனின் தந்தையோ, நூலகத்தில் துப்புரவுப் பணி செய்துகொண்டு, கடந்துபோன இளமையை எண்ணி மருகுபவர். ஆண்டே முதுமையை நோக்கிச் சரியும் பருவத்தில் அல்லாமல் வேறெப்போது இந்தக் கதை நடக்க முடியும்?

அடுத்து, எரின் மார்கென்ஸ்டெர்னின் 'தி நைட் சர்க்கஸ்' (2011). பொழுது சாய்ந்தபின் திறந்து விடியலில் மூடும் கறுப்பு வெள்ளைக் கூடாரங்கள். காலம் முன்னும் பின்னும் தாவுவதால், அத்தியாயத் தலைப்பிலுள்ள தேதிகளைக் கவனித்து வாசியுங்கள்.

ஏட்டுப்புழு:
ஓலைச்சுவடி அவர்களின் முதல் பரிந்துரையை ஏற்கிறேன். ஆனால் பிராட்பரி உவமையின் மேல் உவமை அடுக்குபவர் என்பதால், ஒரே அமர்வில் நெடுநேரம் வாசித்தால் திகட்டிவிடும். 'நைட் சர்க்கஸ்' பற்றி எனக்கு உடன்பாடில்லை. அதில் கூடாரங்கள்தாம் நினைவில் நிற்கின்றன. இரு மாயக்காரர்களின் போட்டி கடைசிவரை சூடுபிடிக்கவில்லை.

மேலும், அக்டோபருக்கு உரிய நூல் வேறு, நவம்பருக்கு உரியது வேறு என்பது என் கருத்து. முன்னதில் நிறமும் திருவிழாவும் உண்டு. பின்னதில் இலைகள் உதிர்ந்து முடிந்த வெறுமைதான் மிச்சம். அந்த வெறுமைக்குத் தூவே யான்சன் எழுதிய 'மூமின்வேலி இன் நவம்பர்' நூலுக்கு இணையாக எதையும் நான் வாசித்ததில்லை. ஸ்வீடிய மொழியில் 1970இல் வெளிவந்த இந்த நூல்தான், மூமின்கள் என்னும் கற்பனைப் பூதக் குடும்பத்தைப் பற்றிய நாவல் வரிசையில் கடைசி. இதில் மூமின் குடும்பமே இல்லை. அவர்களைத் தேடி வருபவர்கள் வெற்று வீட்டில் ஒருவரோடொருவர் உரசிக்கொண்டு மழைநாள்களைக் கழிக்கிறார்கள். சுத்தத்தில் பித்துக்கொண்ட ஃபில்லிஜோங்க் சன்னல் துடைக்கும்போது விழப்பார்த்தபின் துடைப்பத்தைத் தொடவே அஞ்சுகிறாள். மூமின்களின் நாடோடி நண்பன் ஸ்னஃப்கின், தான் தவறவிட்ட ஐந்து சுரத்தொடர்களைத் தேடி மூமின்கள் வாழ்ந்த பள்ளத்தாக்குக்குத் திரும்புகிறான். சிறுவர் நூல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதன் துயரம் வளர்ந்தவர்களுக்கே முழுதாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

கூதிர்:
இருவருக்கும் நன்றி. மூமின் வரிசையில் முந்தைய நூல்களை அறியாமல் இதை வாசிக்கலாமா?

ஏட்டுப்புழு:
வாசிக்கலாம், ஆனால் அக்குடும்பத்தின் இல்லாமை உறைக்காது. 'ஃபின் ஃபேமிலி மூமின்ட்ரோல்' ஒன்றையாவது முதலில் முடித்துவிடுங்கள். உள்ளே போட்டதையெல்லாம் உருமாற்றும் மந்திரவாதியின் தொப்பி ஒன்று அதில் வருகிறது. மாயமும் நிறையவே கிடைக்கும்.

நூலகவாசி:
சுசானா கிளார்க்கின் பெயரை யாரும் சொல்லாதது வியப்பளிக்கிறது. 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்' (2004), நெப்போலியன் போர்க்கால இங்கிலாந்துக்கு மந்திரக் கலை மீள்வதை, இல்லாத நூல்களை மேற்கோள் காட்டும் நீண்ட அடிக்குறிப்புகளோடு சொல்கிறது. அக்குறிப்புகளைத் தாண்டிச் செல்லாதீர்கள். நாவலின் சிறந்த தேவதைக் கதைகள் சில அவற்றில்தான் ஒளிந்துள்ளன. அத்தனை பெரிய நூலுக்கு நேரமில்லையெனில் அவருடைய 'பிரனேசி' (2020) போதும். எண்ணற்ற மண்டபங்களும் சிலைகளும் கீழ்த்தளத்தில் கடலலைகளும் கொண்ட ஒரு வீட்டில் வாழ்பவனின் நாட்குறிப்பு அது. உங்கள் நிபந்தனைப்படி பார்த்தால் அதில் இலையுதிர்காலம் இல்லைதான். ஆயினும் இடமே கதைமாந்தனின் மனத்தை வடிவமைக்கிறது என்பதால் சேர்த்துக்கொள்ளலாம். பின்னட்டைக் குறிப்பை மட்டும் படிக்காமல் தொடங்குங்கள்.