மறுமொழி: பள்ளிச் சன்னலுக்குச் ‘சிதறாக் கண்ணாடி’

அனைவருக்கும் வணக்கம். லேமினேட்டட் கிளாஸுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> லேமினேட்டட் கிளாஸுக்கு ‘ஒட்டுக் கண்ணாடி’ போதும். பிளைவுட்டை ஒட்டுப்பலகை என்கிறோமே.

ஐயா, அமைப்பைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டைரல் என்ற நெகிழிப் படலத்தை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குகிறார்கள். ஒற்றைப் படலத்தின் கனம் 0.38 மி.மீ.தான். ஆனால் கோத்தகிரியில் எங்கள் பெற்றோர் கூட்டத்தில் இந்தச் சொல்லைச் சொன்னதுமே ஓர் அம்மா, “உடைஞ்சதை ஒட்டியா மாட்டப் போறீங்க?” என்று பதறிவிட்டார். ‘லேமினேட்டட்’ என்றால் அடையாள அட்டைக்குப் போடும் லேமினேஷன்தான் நினைவுக்கு வருகிறது.

கூட்டம் ஏன் என்றால், போன ஐப்பசி மழையில் சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து ஆறாம் வகுப்புச் சன்னலில் அடித்தது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கதவைத் திறந்தால், முழ நீளச் சில்லு ஒன்று முதல் பெஞ்சுக்கும் சுவருக்கும் இடையில், கூர்முனை மேலே பார்க்க, செருகிக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் தினமும் ஒரு பிள்ளை உட்காருகிறது. அதனால்தான், எதனால் செய்தது என்பதைவிட உடைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல் சொல்லவேண்டும் என்கிறேன்.

இந்தக் கண்ணாடி பிறந்த கதையும் அதுதான். 1903இல் பிரெஞ்சு வேதியியலர் எதுவார் பெனெடிக்டுஸின் கையிலிருந்து குடுவை ஒன்று விழுந்தது. விரிசல் விட்டதே தவிர, சில்லுகள் பிரியவில்லை. உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் பிடித்துக்கொண்டது. 1909இல் காப்புரிமை பெற்றார்.

‘உடையாக் கண்ணாடி’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது வேண்டவே வேண்டாம். இது உடையும், உடைந்தபின் மாற்றித்தான் ஆகவேண்டும். சில்லுகள் படலத்தோடு சட்டத்திலேயே நிற்கும், அவ்வளவுதான். ‘பாதுகாப்புக் கண்ணாடி’யும் உதவாது, டஃபண்ட் கண்ணாடியையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலுவானது, ஆனால் உடைந்தால் குருணை குருணையாகக் கொட்டிவிடும், சன்னல் திறந்துபோகும். காரின் முன்கண்ணாடியையும் (லேமினேட்டட்) பக்கக் கண்ணாடியையும் (பெரும்பாலும் டஃபண்ட்) ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். டஃபண்டுக்குத் ‘தோய்த்த கண்ணாடி’ என்றே வைக்கலாம். காய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பதுதானே, கொல்லுப்பட்டறையில் அரிவாளைத் தோய்ப்பது போல.

ஆக, என் முன்மொழிவு ‘சிதறாக் கண்ணாடி’. வாடா மலர், அழியாப் புகழ் என்று நாக்குக்குப் பழகிய அமைப்பு. கூட்டத்தில் இதைச் சொன்னபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. கம்பிவலை பதித்த கண்ணாடியும் ஓரளவு சிதறாதே என்று பொறியாளர்கள் கேட்கலாம், நியாயம்தான். ஒப்பந்தப்புள்ளியில் ‘இடைப்படலச் சிதறாக் கண்ணாடி’ என்று முழுதாக எழுதிவிடலாம்.

இன்னொரு சொல்லுக்கும் உதவி வேண்டும். எங்கள் ஊரில் மேகம் வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். விளிம்பை ஒழுங்காக அடைக்காவிட்டால் ஈரம் புகுந்து ஓரமெல்லாம் வெளுத்து, படலம் கண்ணாடியை விட்டுப் பிரியும். இதை இப்போதைக்குப் ‘படலம் விடுதல்’ என்று குறித்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். கண்ணாடிக் கடைக்காரருக்குக் கொடுக்கும் குறிப்பில் சேர்க்கவேண்டும்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியை