நடையோடு டம்பெல்லும் சேர்க்கலாமா?

தோழிகளே, எனக்கு 41 வயது. நான்கு மாதமாகக் கோவை ரேஸ் கோர்ஸில் தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிறேன். முதலில் 3 கிலோ குறைந்தது. அப்புறம் எடை மெஷினில் முள் அசையவே இல்லை.

நடையோடு வாரத்தில் 2 நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டைக் குறைத்து வெறுமனே நடந்தால் கொழுப்போடு தசையும் கரையுமாமே, அதனால் எனக்கும் அது சரி என்றே படுகிறது. டம்பெல் எடையைத் தூக்கினால் ஆண்களைப் போல உடம்பு இறுகிவிடும் என்று அத்தைக்குப் பயம். நமக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவு, அப்படி ஆகாது என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டிலேயே தொடங்கியவர்கள் சொல்லுங்கள்: முதலில் எத்தனை கிலோ டம்பெல் வாங்கினீர்கள்? நடக்கும் நாளிலேயே செய்வீர்களா? ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தால் இடது முழங்கால் லேசாக வலிக்கிறது, பதிலுக்கு வேறென்ன செய்யலாம்? நான் சைவம், புரதத்துக்குச் சுண்டல், பாசிப்பயறு, தயிர் போதுமா?