உண்டியல் காசு பற்றி சட்டம் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி

வணக்கம். புதுக்குடியிருப்பில் இருக்கிற என் சின்னம்மாவுக்காகக் கேட்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் மகன் கிணறு கட்டக் காசு அனுப்பியது உண்டியலில்தான். எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை: அங்கே ஒருவரிடம் டொலரைக் கொடுத்தால், இங்கே ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் ரூபாயைக் கொண்டுவந்து தருவான். துண்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

இப்போது அந்தத் தரகரை விசாரிக்கிறார்களாம். சின்னம்மாவுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. மனுசி சாப்பிடுவதே இல்லை.

பயங்கரவாதத்துக்கு நிதியளிப்பதைத் தடுக்கும் இலங்கைச் சட்டத்தை, அதாவது 2005ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தை வாசித்தேன். பயங்கரவாதத்துக்குப் போகும் என்ற எண்ணத்தோடு அல்லது அது தெரிந்தே காசு கொடுப்பது, சேர்ப்பதுதான் அதில் குற்றம். அப்படியென்றால் வழக்குத் தொடுப்பவர் அந்த எண்ணத்தை எதை வைத்துக் காட்டுவார்? தரகரின் கொப்பியா, தொலைபேசிப் பதிவா? அதே தரகர் வேறு யாருக்கோ காசு கொடுத்திருந்தால் அது சின்னம்மாவின் தலையிலும் விழுமா? அந்நியச் செலாவணிச் சட்டம் வேறு விஷயம் என்று ஒருவர் சொன்னார், சரிதானா?

கிணறு வெட்டிய பற்றுச்சீட்டும் மகனின் வட்ஸ்அப் செய்திகளும் இருக்கின்றன. வாக்குமூலத்துக்குப் போகும்போது அவை போதுமா? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தமிழில் பேசக்கூடிய சட்டத்தரணி யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். திங்கட்கிழமை போகவேண்டும்.