பதில்: லோயர் பவுண்ட், அப்பர் பவுண்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘கீழ் எல்லை’, ‘மேல் எல்லை’ என்றே வைத்துக்கொள்ளலாமே? கணிதத்தில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள்தானே.

வணக்கம்.

லோயர் பவுண்ட், அப்பர் பவுண்ட் இரண்டும் வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு மதிப்பைத் தேடி, ஓர் இடத்தைச் சொல்லும் நிரல் செயற்கூறுகள். புழக்கத்தில் உள்ள சொல்லை எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம்தான். ஆனால் இங்கே அது படிப்பவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

ஏறுவரிசையில் 10, 20, 20, 20, 35 என்று ஓர் அணி. சுட்டெண், அதாவது உறுப்பின் இட எண், 0-இல் தொடங்குகிறது. 20-ஐத் தேடினால் லோயர் பவுண்ட் 1 என்று காட்டும். சரி, முதல் 20 அங்கேதான் இருக்கிறது. அப்பர் பவுண்ட் 4 என்று காட்டும். அங்கே இருப்பதோ 35! ‘மேல் எல்லை’ என்று படித்தவர் கடைசி 20 இருக்கும் 3-ஐத்தான் எதிர்பார்ப்பார். அப்புறம், 40-ஐத் தேடிப் பாருங்கள். இரண்டுமே 5. அந்த இடத்தில் உறுப்பே கிடையாது. பைத்தானில் அதை எடுக்கப் போனால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். சி++ மொழியிலோ என்ன நடக்கும் என்றே சொல்ல முடியாது.

ஆக, கிடைப்பது உறுப்பு அல்ல, ஓர் இடம். புதிய 20-ஐ 1, 2, 3, 4 ஆகிய எந்த இடத்தில் செருகினாலும் வரிசை குலையாது. அந்த நான்கில் முதல் இடமும் கடைசி இடமும்தான் நாம் பெயர் தேடும் இரண்டும். அதனால் என் பரிந்துரை: முன்செருகிடம், பின்செருகிடம். சமமான உறுப்புகளுக்கு முன்னே செருகும் இடம், பின்னே செருகும் இடம். ‘செருகு’ எல்லோருக்கும் பழகிய சொல். 4-இலிருந்து 1-ஐக் கழித்தால் 3. அத்தனை 20-கள் இருக்கின்றன என்பதும் இந்தப் பெயர்களிலேயே விளங்கிவிடும். பைத்தானின் பைசெக்ட் லெஃப்ட், பைசெக்ட் ரைட் செய்வதும் இதே வேலைதான், அவற்றுக்கும் இதே இணை போதும்.

இறங்குவரிசையையும் நினைத்துப் பாருங்கள். ஒப்பீட்டை மாற்றிக் கொடுத்து 35, 20, 20, 20, 10 என்பதில் தேடினாலும் லோயர் பவுண்ட் முதல் 20-ஐத்தான் காட்டும். அதற்கு முன்னால் இருப்பவை பெரிய எண்கள். அங்கே ‘கீழ்’ என்பதற்குப் பொருளே இல்லை, ‘முன்’ அப்படியே பொருந்துகிறது.

மதிப்புகளைச் சாவிகளோடு (கீ) இணைத்து, சாவி வரிசையில் வைத்திருக்கும் ஜாவாவின் ட்ரீமேப்பில் வரும் லோயர் கீ, ஃப்ளோர் கீ ஆகியவற்றை இதோடு கலக்க வேண்டாம். அவை இடத்தைச் சொல்வதில்லை, உள்ளே இருக்கும் சாவியையே எடுத்துத் தருகின்றன. முதலாவதற்குக் ‘கீழண்டை’, இரண்டாவதற்குச் ‘சமக்கீழண்டை’ என்று சொல்லலாம். 10, 20, 35 என்ற சாவிகளில் 20-க்குக் கீழண்டை 10, சமக்கீழண்டை 20. ஹையர், சீலிங் இரண்டுக்கும் மேலண்டை, சமமேலண்டை.

‘சமமேலண்டை’ வாயில் கொஞ்சம் இடறுகிறது. சமத்தையும் சேர்த்துக்கொள்ளும் என்பதைக் காட்டும் சின்ன முன்னொட்டு வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.