அடினோமயோசிஸோடு கர்ப்பமானவர்கள், குறைமாதத்தில் பெற்றவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அடினோமயோசிஸ் என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டுக் கலங்கிப்போய் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், கரு நிற்குமா என்று. நின்ற பிறகு என்ன நடக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கு நின்றது, ஆனால் 31ஆம் வாரத்திலேயே பிறந்தும் விட்டது. அதனால் அந்தப் பாதியை எழுதுகிறேன், மற்றவர்களும் உங்களுடையதை எழுதுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். மாதாமாதம் உதிர்கிற கர்ப்பப்பையின் உள்சவ்வு இருக்கிறதல்லவா, அதே திசு தசைச் சுவருக்குள் புகுந்து வளர்வதுதான் இது. சுவர் தடித்துப்போகும், கர்ப்பப்பை உருண்டையாகப் பருக்கும், ரத்தப்போக்கும் வலியும் தாங்க முடியாமல் இருக்கும். முன்பெல்லாம் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்து, அதை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் இது இருந்ததே தெரியவரும். அதனால் கர்ப்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அதிகம் பார்க்கவில்லை. இப்போது உள்வழி ஸ்கேனிலும் எம்ஆர்ஐயிலும் முப்பது வயதுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, நாமும் இதோடேயே கருத்தரிக்கிறோம்.

எனக்கு ஐவிஎஃப். கருவை உறைய வைத்துவிட்டு, கர்ப்பப்பையைச் சுருக்குவதற்காக மாதம் ஒரு ஊசி வீதம் சில மாதங்கள் போட்டார்கள். மாதவிலக்கு நின்று, உடம்பெல்லாம் அனலடித்து, தூக்கம் கெட்டு, அப்புறம்தான் கருவை வைத்தார்கள். பாசிட்டிவ் வந்ததும் கருத்தரிப்பு மையத்தின் ஃபைல் மூடப்பட்டுவிட்டது. பிரசவம் பார்க்கும் மருத்துவமனையில் புது ஃபைல். நர்ஸ் முந்தைய பிரச்சினைகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதப் போனார், சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை என்பதால். நான்தான் சொல்லி எழுத வைத்தேன். இந்த இடத்தில்தான் நம்மில் பலருடைய நோய் காணாமல் போகிறது. கரு நிற்கும் வரைதான் அது பிரச்சினை, நின்றுவிட்டால் தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், பழைய ஸ்கேன் படத்தையும் கொண்டுபோங்கள். கர்ப்பம் வளர்ந்த பிறகு சுவர் நீண்டு மெலிந்துவிடும், அப்போது ஸ்கேனில் அடினோமயோசிஸை அடையாளம் காண்பது கஷ்டம்.

என் டாக்டர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் விளக்கியது எனக்கு இப்படிப் புரிந்தது. சுவருக்குள் இருக்கும் அந்தத் திசு ஓயாமல் அழற்சியை உண்டாக்குகிறது, புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அங்கே அதிகமாகச் சுரக்கிறது. மாதவிலக்கு வலிக்கும் அதுதான் காரணம், பிரசவ வலியைக் கிளப்புவதிலும் அதற்குப் பங்கு உண்டு. விறைப்பான சுவர் சீராக விரிந்து கொடுக்காது. இன்னொன்று, உள்சவ்வை ஒட்டிய தசை அடுக்கில்தான் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கர்ப்பத்தில் நன்றாக அகலமாக வேண்டும். நமக்குக் கெட்டுப்போயிருப்பது அதே அடுக்கு. குழாய்கள் சரியாக அகலவில்லை என்றால் அம்மாவுக்கு பிபி ஏறும், குழந்தை எடை போடாது. கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், வலி வருவதற்கு முன்பே பனிக்குடம் உடைவது, பிபி, எடை குறைந்த குழந்தை என்று எல்லாமே இந்த நோயில் மற்றவர்களைவிட அதிகம் என்றார்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆரம்பித்தார். அது அடினோமயோசிஸுக்கான மருந்து இல்லை, என் வயதையும் ஐவிஎஃப் முதல் கர்ப்பம் என்பதையும் சேர்த்துப் பார்த்து பிபி வராமல் தடுக்கக் கொடுத்தது. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். 16ஆம் வாரத்திலிருந்து உள்வழி ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார், 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கர்ப்பத்தைத் தாங்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் வைக்கலாம் என்று சொல்லி. எனக்கு அது போகவில்லை. ஆனாலும் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார்.

அவர் சொன்னதில் என்னைக் காப்பாற்றியது இதுதான்: "மாசாமாசம் உயிர் போற வலியோட வேலைக்குப் போய்ப் பழகினவங்க நீங்க. உங்க வலிக் கணக்கை நம்பாதீங்க. எவ்வளவு வலிக்குதுன்னு பார்க்க வேண்டாம், எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்க வருதுன்னு மட்டும் பாருங்க." வயிற்றின் மேல் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். சும்மா இருக்கும்போது கன்னத்தைத் தொட்ட மாதிரி அமுங்கும், இறுகும்போது நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கும்.

அன்று சாயங்காலம் எனக்கு வலி என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை, உண்மையிலேயே இல்லை. இடுப்பில் ஒரு கனம், மாதவிலக்குக்கு முந்தைய நாள் இருக்குமே அந்த மாதிரி. கையை வைத்தேன். வயிறு முழுவதும் ஒரு பக்கமாகத் திரண்டு கல்லாகி, மெல்ல இளகியது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்குள் மறுபடியும். படுத்துப் பார்த்தேன், தண்ணீர் குடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. கிளம்பிவிட்டோம்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது கருப்பை வாய் திறக்க ஆரம்பித்திருந்தது. வலியைத் தள்ளிப்போட நிஃபெடிபின் மாத்திரை, குழந்தையின் நுரையீரலுக்காக பீட்டாமெத்தசோன் ஊசி, 24 மணி நேரம் கழித்து அதே ஊசி மறுபடியும். வலியை நிறுத்துகிற மாத்திரை வாரக்கணக்கில் நிறுத்தாது, இந்த இரண்டு ஊசியும் வேலை செய்ய அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். குழந்தையின் மூளையைப் பாதுகாக்க மக்னீசியம் சல்ஃபேட் டிரிப் ஏற்றினார்கள், அது ஏறும்போது முகமெல்லாம் காந்தியது. இரண்டாவது ஊசி போட்டு ஒரு நாள் போல ஆனதும் பனிக்குடம் உடைந்தது. குழந்தை குறுக்கே கிடந்ததால் சிசேரியன். எடுத்த பிறகு கர்ப்பப்பை சுருங்க மறுத்தது, ரத்தம் நிறையப் போனது. அடினோமயோசிஸ் என்று ஃபைலில் எழுதியிருந்ததால் ரத்தம் முன்பே தயாராக இருந்தது, ஊசிகளும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன.

மகள் ஒன்றரைக் கிலோ. மூக்கில் மூச்சுக்கு உதவ காற்றழுத்தம் தரும் சிபாப் குழாய், மூச்சை மறக்காமல் இருக்க கஃபீன் மருந்து, வயிற்றுக்குக் குழாய். முதல் நாள் சீம்பாலைக் கையால் பிழிந்து ஊசிக்குழாயில் எடுத்தோம், அடியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் வீணாக்காமல் கன்னத்தின் உள்பக்கம் தடவினார்கள். பிறகு நெஞ்சோடு சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பு. மானிட்டரில் அவள் மூச்சு சீராவதைக் கண்ணால் பார்க்கலாம். கண் விழித்திரைப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், குறிப்பிட்ட வாரத்துக்குள் பார்த்தே ஆக வேண்டும்.

பதில்:

தோழி, படிக்கும்போதே கை நடுங்கியது. எனக்கு வேறு விதம். வலியே இல்லை, பிபிதான். எனக்கு இருந்ததை ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைத் தசையில் வளரும் சாதாரணக் கட்டி என்றே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் அது அடினோமயோசிஸ் என்று தெரிந்தது. 28 வாரத்தில் குழந்தை வளர்ச்சி பின்தங்குகிறது என்றார்கள், அப்புறம் அடிக்கடி டாப்ளர் ஸ்கேன், தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது. 34ஆம் வாரம் ஒரு காலையில் தலை பிளந்தது, கண்ணில் பூச்சி பறந்தது, விலா எலும்புக்குக் கீழே வலது பக்கம் ஒரு அழுத்தம். அசிடிட்டி என்று மாமியார் சொன்னார். என் கணவர் வீட்டில் இருந்த பிபி மெஷினைக் கட்டினார், 160க்கு மேல். அன்றே எடுத்துவிட்டார்கள். பையன் ஒன்றே முக்கால் கிலோ, இப்போது ஓடுகிறான். அடினோமயோசிஸ் உள்ளவர்கள் வீட்டில் ஒரு பிபி மெஷின் வாங்கி வைப்பது நல்லது என்று நான் அழுத்தமாகவே சொல்வேன்.

பதில்:

எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். இங்கே எல்லாருடைய குழந்தையும் இருக்கிறது. என் முதல் குழந்தை இல்லை. 19ஆம் வாரம் நீர் போய்விட்டது. அந்த வாரத்தில் எந்த ஊசியும் உதவாது. பெண் குழந்தை. கையில் கொடுத்தார்கள், விரல் நகம்கூட வந்திருந்தது. எதனால் என்று கேட்டதற்கு 'சில சமயம் இப்படி ஆகும்' என்ற பதில்தான் கிடைத்தது. பல மாதம் கழித்து வேறொரு டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார், சுவர் முழுக்கப் பரவிய அடினோமயோசிஸ். அது மட்டுமே காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இப்படிப் பரவியிருந்தால் ஒரே இடத்தில் கட்டி மாதிரி இருப்பதைவிட ஆபத்து அதிகம் என்றார். அடுத்த கர்ப்பத்தில் கருப்பை வாயை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்தார்கள், குறைய ஆரம்பித்ததும் தையல் போட்டார்கள், இரவில் புரோஜெஸ்டிரோன். 36 வாரம் வரை போனது. காரணம் தெரியாமல் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் குழந்தையை இழந்த யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு மாதவிலக்கு வலி கடுமையாக இருந்ததா என்று யோசியுங்கள், இருந்திருந்தால் கர்ப்பப்பைச் சுவரைச் சரியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாம் எதையோ தூக்கினதால், எங்கேயோ போனதால் நடந்தது இல்லை அது.

பதில்:

அக்கா, உங்கள் மகளை நானும் நினைத்துக்கொள்கிறேன்.

பயந்துபோயிருக்கும் மற்றவர்களுக்காக என்னுடையதையும் சொல்கிறேன். எனக்கும் அடினோமயோசிஸ்தான், பின்சுவரில் ஒரே இடத்தில். 38 வாரம் தாண்டி சுகப்பிரசவம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு நமக்கு ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று மடங்கு என்று வருகிறதாம். கேட்க பயமாகத்தான் இருக்கும். உலகம் முழுவதும் பத்தில் ஒரு குழந்தை 37 வாரத்துக்கு முன் பிறக்கிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டால் நம்மிலும் பெரும்பாலானோர் 37 வாரத்தைத் தாண்டிவிடுகிறார்கள் என்றுதான் வரும். அந்த ஆய்வுகளில் வயது கூடியவர்களும் ஐவிஎஃப் செய்தவர்களும் நிறைய, அதனாலும் ஆபத்து கொஞ்சம் ஏறும். கவனமாக இருங்கள், ஆனால் நாள் முழுக்கக் கட்டிலிலேயே கிடக்காதீர்கள். முழு ஓய்வு குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

பதில்:

எனக்கு இப்போது 22 வாரம். வயிற்றின் இடது பக்கம் ஒரே இடத்தில் விடாமல் வலிக்கிறது, இறுகி இளகுவது போல இல்லை. லேசாகக் காய்ச்சல் மாதிரியும் இருக்கிறது. பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்:

வேண்டாம்மா, இன்றைக்கே போய்க் காட்டிவிடு. அடினோமயோசிஸ் உள்ள பகுதிக்கு ரத்தம் போதாமல் அது அழிய ஆரம்பித்தால் இப்படி ஒரே இடத்தில் வலிக்கலாம், அது அரிது. ஆனால் காய்ச்சல் என்கிறாய், தொற்றாக இருக்கலாம், சிறுநீரகமாகவும் இருக்கலாம், அதை இங்கே உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. இபுபுரோஃபென் வகை மாத்திரை எதையும் போட்டுவிடாதே, மாதவிலக்கு வலிக்குப் போட்டுப் பழகிய கை தானாக அதைத்தான் தேடும். நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ ராத்திரியாக இருந்தாலும் கிளம்பு. அடினோமயோசிஸ் என்று உள்ளே நுழையும்போதே சொல்.

பதில்:

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது, அறுவை சிகிச்சை செய்தவர்கள். எனக்கு அடினோமயோசிஸ் கட்டியை வெட்டி எடுத்த பிறகுதான் கரு தங்கியது. ஃபைப்ராய்டு என்றால் உரித்தெடுக்க ஒரு எல்லை இருக்கும், இதற்கு அது கிடையாது, நல்ல தசையும் சேர்ந்துதான் போகும். தைத்த இடம் பலவீனமாக இருப்பதால் கர்ப்பத்தில் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து உண்டு, வலி வருவதற்கு முன்பேகூட. அதனால் எவ்வளவு காலம் இடைவெளி விட வேண்டும் என்று வெட்டியவரிடமே கேட்டுக்கொண்டேன், பிரசவ வலிக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே நாள் குறித்து சிசேரியன் செய்தார்கள். நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டியிருக்கிறதா என்றும் தனியாக ஸ்கேன் பார்த்தார்கள். அறுவை சிகிச்சை செய்தவர்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தோடு நிற்காமல் ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்தச் சுவர், எவ்வளவு ஆழம், உள்ளறை வரை திறந்தார்களா, எத்தனை அடுக்காகத் தைத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பிரசவ டாக்டர் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான்.