ஆக்ஸிலேட்டர் மிதியின் கனத்தைக் கூட்ட வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். 12 ஆண்டுகள் கேபிள் வழியே இயங்கும் ஆக்ஸிலேட்டர் உள்ள காரை ஓட்டிப் பழகிய நான், அண்மையில் மின்னணு மிதி கொண்ட பெட்ரோல் காருக்கு மாறியிருக்கிறேன். மிதி மிகவும் இலகுவாக இருப்பதால், நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து செல்லும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் கால் அசைந்து வண்டி குலுங்குகிறது. முதுகுவலியுள்ள என் தாயார் உடன் வரும் நாள்களில் இது எனக்குப் பெரும் கவலையாக உள்ளது.

நான் புரிந்துகொண்டவரை, மிதியின் கனத்தை அதிலுள்ள சுருள்வில்லும் உராய்வும் தருகின்றன. மிதியின் நிலையைச் சென்சார்கள் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குத் தெரிவிக்க, என்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை மென்பொருளே முடிவு செய்கிறது. ஆகவே மிதிக்கும் இசியூவுக்கும் இடையே பொருத்துவதற்காகக் கடைகளில் விற்கும் திராட்டில் கன்ட்ரோலர் என்ற கருவி சமிக்ஞையை மாற்றுமே தவிர, கால் உணரும் கனத்தை மாற்றாது.

வெளியே கூடுதல் சுருள்வில் பொருத்தலாம் என்றார் ஒரு மெக்கானிக். அது கழன்று சிக்கினால் மிதி மேலே திரும்பாமல் போகக்கூடும் என்பதால் நான் இசையவில்லை.

கனத்தைப் பாதுகாப்பாகக் கூட்டியவர்கள் இங்கு உண்டா? கன்ட்ரோலரை மென்மையான நிலையில் வைத்து ஓட்டியவர்கள், குறைந்த வேகத்தில் குலுக்கம் தணிந்ததா என்று தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். திராட்டில் வால்வு அமைந்துள்ள திராட்டில் பாடியில் படிந்த கரியும் காரணமாகலாம் என்றால், அதை முதலில் எப்படிச் சோதிப்பது?